சின்னவளின் பத்து வோல்ட்

என் ஓரகத்தி ஒரு இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சாப்பாட்டைக்கூட நின்றபடிதான் சாப்பிடுவாள். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படிக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டே இருப்பாள். பார்க்கிற நமக்குத்தான் செரிக்காது. அவள் இந்த வீட்டுக்கு வந்த புதிதில், "என்னப்பா, உன் பொண்டாட்டிக்குக் கால்ல சக்கரமா?" என்று என் கொழுந்தனிடம் கேட்டேன். "பம்பரம் அண்ணி. சுத்திக்கிட்டு இருந்தாத்தான் நிக்கும்" என்றான். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. நான் மட்டும் அவளைச் சின்னவள் என்பேன். வீட்டில் நான் மூத்த மருமகள், அவள் இளையவள். அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுப்பதாக நான் இல்லை.

வந்த முதல் வாரமே எங்கள் வீட்டு அழைப்பு மணியைக் கழற்றிப் போட்டாள். நன்றாக அடித்துக்கொண்டிருந்த மணி. சத்தம் கரகரவென்று இருக்கிறதாம். அவள் சரி செய்த பிறகு சத்தம் இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் யாரும் அழுத்தாமலேயே அடித்தது. ஒரு வாரம் நான் வாசலுக்கும் தையல் மிஷினுக்கும் ஓடி ஓடிக் கால் வீங்கியது. அதற்கும் அவள் ஒரு காரணம் வைத்திருந்தாள். எந்தப் பொருள் கெட்டாலும் பொருள்மேல்தான் குறை, தன் கைமேல் இருக்காது என்று நம்புகிற பிறவி அது.

நான் தையல்காரி. முன்னறையில் ஜன்னலோரம் என் மிஷின், நடுவில் துணி வெட்டும் பெரிய மேஜை. பள்ளிக்கூடச் சீருடைதான் முக்கியமான வேலை. என் வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். கொழுந்தன் பஸ் ஓட்டுகிறான். சின்னவள் ஒரு சார்ஜர் கம்பெனியில் வருஷக்கணக்காக டெஸ்டிங் பெஞ்சில் இருந்தாள். 'இருந்தாள்' என்று எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலிகளுக்கான சார்ஜர் அது. நடக்க முடியாதவர்கள் படுக்கப் போகும்போது மாட்டிவிட்டால், காலையில் நாற்காலி ஊர் சுற்றத் தயாராக இருக்கும். சார்ஜருக்குள் ஒரு போர்டு. அதில் பாகங்களைப் பற்றவைப்பவள் சின்னவளின் சிநேகிதி. எங்கள் வீட்டில் அவளுக்குச் சால்டர்க்காரி என்றே பெயர். போர்டு சால்டர்க்காரி கையிலிருந்து நேரே சின்னவள் கைக்கு வரும். சின்னவள் மீட்டரின் இரண்டு முனைகளையும் அதில் வைத்து, ஒரு குட்டித் திருகை இம்மி இம்மியாகத் திருப்புவாள். மீட்டரில் இருபத்தேழரை வோல்ட் வந்ததும் நிறுத்தி, திருகின் தலையில் ஒரு சொட்டு சிவப்பு நகப்பூச்சு வைப்பாள். இனி யாரும் கை வைக்கக் கூடாது என்று அர்த்தம். பெஞ்சுக்கு ஒரு ஸ்டூல் உண்டு. சின்னவள் அதை என்றைக்கோ சால்டர்க்காரி பக்கம் தள்ளிவிட்டு நின்றே வேலை பார்த்தாள். சால்டர்க்காரி அதன்மேல் இரண்டு பேருடைய சாப்பாட்டுப் பையையும் வைத்துக்கொள்வாள்.

கம்பெனி ஒவ்வொரு பெஞ்சுக்கும் ஒரு மீட்டர் கொடுத்திருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை வெளியே அனுப்பிச் சரிபார்த்து, தேதி போட்ட ஸ்டிக்கர் ஒட்டி வரும். சின்னவள் அதை அலமாரியில் போட்டுவிட்டுத் தன் சொந்த மீட்டரைத்தான் வைத்துக்கொண்டாள். கம்பெனி மீட்டரின் முனைகள் மழுங்கிப் போயிருக்கின்றன, சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்பாள். ஆளாளுக்கு இரவல் கேட்டுத் தொல்லை செய்யவே, தன் மீட்டரின் கண்ணாடிக்கு மேலோரமாக ஒரு மஞ்சள் டேப்பை ஒட்டி அதில் 'தொடாதே' என்று எழுதி வைத்தாள். வீட்டுக்குக் கொண்டுவந்தால் அவள் புருஷனும் தொடமாட்டான். எனக்கு அதன் பக்கம் போகவே பயம்.

அப்படி இருக்கும்போதுதான் நாற்காலிகள் வழியில் நிற்க ஆரம்பித்தன. சாயங்காலம் வரை ஓட வேண்டியது மத்தியானமே மூச்சை விட்டது. ஒருவருடைய நாற்காலி சாலையைக் கடக்கும்போது நட்டநடுவில் நின்று, இரண்டு பக்கமும் வண்டிகள் வரிசை கட்டி, யாரோ தள்ளிக் கரை சேர்த்தார்களாம். சார்ஜர்கள் மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தன. சூப்பர்வைசர் கம்பெனி மீட்டரால் அளந்து பார்த்திருக்கிறார். வோல்டேஜ் குறைவு. குறைந்தால் பேட்டரி நிறையவே நிறையாது. டெஸ்டிங்கில் சரி என்று எழுதியிருக்கிறது, இப்போது குறைகிறது; அப்படியானால் நடுவில் எங்கோ நழுவியிருக்க வேண்டும். திருகில் வைத்த நகப்பூச்சு உடையவில்லை, ஆகவே திருகுக்கு அடியில் பற்றவைத்தது பிடிக்கவில்லை. இதுதான் அவர் கணக்கு. விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று சால்டர்க்காரியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சின்னவளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. சூப்பர்வைசர் மேஜைக்கு முன்னால் போய் நின்று, அவள் கையில் குறை சொன்னால் என் கண்ணில் குறை சொன்ன மாதிரி, அவள் வரும்வரை நானும் வரமாட்டேன் என்று சத்தம் போட்டுவிட்டு, மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். வரும்போது திரும்பி வந்த போர்டுகளில் ஒன்றையும் எடுத்து வந்தாள். கேட்டு வாங்கி வந்ததாகச் சொன்னாள். நான் நம்பவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் போர்டுக்கு மின்சாரம் கொடுத்து மீட்டரை வைத்தாள். இருபத்தேழரைக்கு ஒரு துளி மேலேயே காட்டியது. "பாருங்க அக்கா, இதைப் போய் குறைவுங்கிறாங்க" என்று என் முகத்துக்கு நேரே நீட்டினாள். எனக்கு என்ன தெரியும்? எண் தெரிந்தது, தலையாட்டினேன்.

வெறும் மீட்டரோடு போனால் 'உன் மீட்டர்தானே' என்று சூப்பர்வைசர் தட்டிவிடுவார். அதனால் மீட்டரையே சோதிக்கும் பெட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு போவது என்று முடிவு செய்தாள். உள்ளே ஒரு ஐ.சி. சில்லு இருக்கும். நகத்தளவுதான், ஆனால் பிடிவாதக்காரி. நீ எவ்வளவு கொடுத்தாலும் அது பத்து வோல்ட்தான் வெளியே விடும், ஒரு துளி கூடாது, குறையாது. முதலில் அந்தப் பத்தைக் காட்டி மீட்டர் யோக்கியமானது என்று நிரூபிப்பது. பிறகு அதே மீட்டரால் போர்டை அளந்து காட்டுவது. அதே பெட்டியில் சார்ஜருக்குச் சுமை கொடுக்கவும், அதாவது மின்சாரத்தை இழுத்துப் பார்க்கவும், ஒரு பக்கம் வசதி. இதையெல்லாம் நடந்துகொண்டே சொன்னாள். கேட்டு முடிப்பதற்குள் எனக்குத் தலை சுற்றியது.

என் வெட்டும் மேஜையில் பாதி போயிற்று. நடுவில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்து, இந்தப் பக்கம் என் ராஜ்யம், அந்தப் பக்கம் உன் ராஜ்யம் என்றேன். கோடு எனக்குத்தான் தெரிந்தது போலிருக்கிறது. செத்துப்போன டி.வி.டி. பிளேயரின் கூடு ஒன்றைப் பரணிலிருந்து இறக்கி, முகப்பில் ஓட்டை போட்டு, அரத்தால் ராவினாள். இரும்புத் தூள் என் வெள்ளைத் துணியில் விழுந்தது. பழைய ஆம்ப்ளிஃபயரிலிருந்து டிரான்ஸ்ஃபார்மரைப் பிடுங்கினாள். கொழுந்தன் டிப்போவிலிருந்து கழித்துப் போட்ட பஸ் ஹெட்லைட் பல்புகளைக் கொண்டுவந்து கொடுத்தான். ஒரு இழை போனாலும் இன்னொன்று எரியுமாம், சுமைக்கு அது போதுமாம். சால்டர் புகை அறையெல்லாம் அடைத்தது. சீருடை வாங்க வந்த ஒரு அம்மா துணியை முகர்ந்து பார்த்துவிட்டு, வீட்டில் ஏதாவது தீப்பிடித்ததா என்று விசாரித்தாள்.

பற்றவைப்பதில் சின்னவள் கை சுமார்தான். ஒவ்வொரு இணைப்பையும் வைத்துவிட்டு, "அவளா இருந்தா இதைப் பார்த்துச் சிரிச்சிருப்பா" என்று தனக்குத்தானே முணுமுணுத்தாள். சால்டர்க்காரியைப் போய்ப் பார்க்கத்தான் கிளம்புவாள். தெருமுனை வரை போய்த் திரும்பிவிடுவாள். கையில் நிரூபணம் இல்லாமல் என்ன முகத்தோடு போவது என்பாள். விசாரணை வெள்ளிக்கிழமை என்று தகவல் வந்தது. அன்றைக்குக் கையில் ஒன்றும் இல்லையென்றால் சால்டர்க்காரிக்கு வேலை போய்விடும். அப்புறம் சின்னவள் குட்டி போட்ட பூனைதான். மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்து ஒன்றைத் திருகுவாள், இரண்டு நடை நடப்பாள், மறுபடி வந்து கழற்றுவாள்.

ஒரு வழியாகப் பெட்டி தயாரானது. முதல் தடவை மின்சாரம் கொடுக்கும்போது நேராகக் கொடுக்க மாட்டார்களாம். நடுவில் சாதாரணக் குண்டு பல்பு ஒன்றைக் கோத்துவிடுவார்கள். பெட்டிக்குள் எங்காவது தவறாகத் தொட்டுக்கொண்டிருந்தால் பல்பு முழுசாக எரிந்து மானத்தை வாங்கும், பெட்டி பிழைத்துக்கொள்ளும். சரியாக இருந்தால் ஒரு தடவை மினுக்கிவிட்டு மங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கொழுந்தனுக்கு லீவு. எங்கள் இருவரையும் கதவோரம் நிற்க வைத்தாள். இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். இரண்டு கையும் உள்ளே போனால் ஷாக் நெஞ்சு வழியாகப் போகுமாம். அதைக் கேட்டதும் நான் ஒரு காலைக் கதவுக்கு வெளியே வைத்துக்கொண்டேன். வலது கையால் சுவிட்சைத் தட்டினாள்.

பல்பு பளீரென்று எரிந்தது. மங்கவே இல்லை.

கொழுந்தன் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினான். சின்னவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, டார்ச் அடித்து, ஒவ்வொரு கம்பியாகத் தடவிக்கொண்டு போனாள். கடைசியில் மூக்குக் குறடால் எதையோ பிடித்து எடுத்து என் முன்னால் நீட்டினாள். குண்டூசி. என்னுடையதுதான், வேறு யாருடையது? ராஜ்யத்தைத் தாண்டிப் போய் அவள் டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியில் குறுக்கே படுத்திருந்தது. நான் இறங்கிப் பேசுவேனா? என் மேஜையில் ஊசி இல்லாமல் யானையா இருக்கும் என்று கேட்டேன். கொழுந்தன் சிரித்துத் தொலைத்தான். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மாதம் அவள் சிரித்தது அப்போதுதான்.

இரண்டாம் தடவை பல்பு மினுக்கியது, மங்கியது, நூல் போல ஒரு சிவப்புக் கோடு மட்டும் நின்றது. முகப்பில் குட்டி விளக்கு எரிந்தது. புகை இல்லை, சத்தம் இல்லை, டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் மெல்ல உறுமியது. ஏதோ எங்கள் வீட்டில் குழந்தை பிறந்த மாதிரி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கக் கைவேலையில் குனிந்துகொண்டேன். சின்னவள் குண்டு பல்பைக் கழற்றிவிட்டு நேராக மின்சாரம் கொடுத்து, மீட்டரின் முனைகளை வைத்தாள். பத்து வர வேண்டும்.

பத்தே முக்கால் காட்டியது.

அவள் முனைகளை எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தாள். பத்தே முக்கால். ஐ.சி. போலியாக இருக்கும் என்றாள். மறுநாள் கடை கடையாக ஏறி இறங்கி வேறொன்று வாங்கி வந்து மாற்றினாள். காலையில் வைத்தபோது கொஞ்சம் இறங்கின மாதிரி இருந்தது. மத்தியானத்துக்குள் ஏறி முன்னைவிட அதிகமாயிற்று. பிறகு சூடு என்றாள், பெட்டியில் காற்றுக்கு ஓட்டை போட்டாள். பிறகு தன் சால்டர்தான் மோசம் என்று எல்லாவற்றையும் உருக்கி எடுத்து மறுபடி பற்றவைத்தாள். ஒவ்வொரு தடவை திருத்தும்போதும் எண் இன்னும் கொஞ்சம் ஏறியது. சரி செய்யச் செய்யக் கெட்டுக்கொண்டே போகிற பொருளை நான் அப்போதுதான் பார்த்தேன். சாப்பாடு தட்டிலேயே காய்ந்தது. கொழுந்தன் சமாதானம் சொல்லப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டான். "ஒரு பத்து வோல்ட்டை ஒழுங்கா செய்யத் தெரியாத நான், அவளுக்காகப் பேச என்னக்கா யோக்கியதை?" என்று அவள் கேட்டபோது எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

வியாழக்கிழமை காலை என் தலையிலும் இடி விழுந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கட்டு கால்சட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எல்லாம் நீளமாம். அவர்கள் எழுதிக் கொடுத்த அளவுக்குத்தான் வெட்டினேன். மறுபடி என் அளவு டேப்பை வைத்துப் பார்த்தேன், அளவு சரியாகவே இருந்தது. கத்தினேன். கத்திக்கொண்டே என் தையல் பெட்டியிலிருந்து புது டேப் ஒன்றை எடுத்துப் பழையதன் பக்கத்தில் போட்டேன். பழையது நீண்டு தொங்கியது. நாள்பட்ட துணி டேப், இழுத்து இழுத்து இளகிப் போயிருக்கிறது. என் வாடிக்கைக்காரர்களுக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை. ஆளை அளந்ததும் அந்த டேப், துணியை வெட்டியதும் அதே டேப். இரண்டு தப்பும் ஒன்றையொன்று மூடிக்கொண்டன. வெளியிலிருந்து ஒரு அளவு வந்ததும் மானம் போயிற்று. இந்தப் பாழாய்ப்போன டேப்பை வைத்துத் தைத்ததைச் சரியா என்று இதே டேப்பிடம் கேட்டால் சரி என்றுதானே சொல்லும் என்று நான் பாட்டுக்குப் புலம்பிக்கொண்டிருந்தேன்.

சத்தம் அடங்கியதும்தான் கவனித்தேன். சின்னவளின் நடை நின்றிருந்தது. மேஜையின் அந்தப் பக்கம் தன் மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு 'தொடாதே' என்று எழுதிய மஞ்சள் டேப்பின் ஓரத்தை நகத்தால் நெருடி உரித்தாள். உரித்ததும் கண்ணாடியின் மேல்மூலையில், அதுவரை டேப்புக்கு அடியில் கிடந்த இடத்தில், குட்டியாக ஒரு பேட்டரிப் படம் மின்னிக்கொண்டிருந்தது.

மீட்டருக்கு உள்ளேயும் ஒரு பேட்டரி இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அது தளர்ந்தால் இந்த வகை மீட்டர்கள் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டுமாம். அவளுக்கு அது தெரியாததல்ல. அந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள், புதுப் பேட்டரியோடு மூச்சிரைக்க வந்தாள். போட்டாள். பெட்டியில் முனைகளை வைத்தாள்.

பத்து. புள்ளிக்குப் பிறகு இரண்டு பூஜ்யம்.

பெட்டியில் முதல் நாளிலிருந்தே ஒரு குறையும் இல்லை. நான் கை தட்டப் போனேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. நாற்காலிச் சார்ஜரின் போர்டை எடுத்தாள், முனைகளை வைத்தாள். இருபத்தேழரை காட்ட வேண்டிய இடத்தில் இருபத்தைந்துக்குக் கொஞ்சம் மேலே வந்து எண் நின்றுவிட்டது. அந்தப் போர்டில் அவள் வைத்த சிவப்புச் சொட்டு உடையாமல் அப்படியே இருந்தது.

"அவ கை சரியாத்தான் இருந்திருக்கு, அக்கா" என்றாள். "நான்தான் குறைச்சு வச்சிருக்கேன். ஒவ்வொண்ணா, நின்னு நிதானமா, நானே குறைச்சு வச்சிருக்கேன்."

சாலை நடுவில் நின்ற அந்த நாற்காலிக்காரர் என் கண்ணுக்குள் வந்து நின்றார்.

சாயங்காலம் கொழுந்தன் வந்ததும் விஷயத்தைச் சொன்னோம். அவன் கெட்டவன் இல்லை; பெண்டாட்டிமேல் உயிர். பேட்டரிதான் மாற்றியாகிவிட்டதே, இனிமேல் தப்பு வராதே என்றான். சால்டர்க்காரி வேறு கம்பெனியில் சேர்ந்துகொள்வாள், கைவேலை தெரிந்தவளுக்கு எங்கேயும் இடம் உண்டு என்றான். "யாருக்கும் தெரியாது. நீயா போய் தலையைக் கொடுக்காதே" என்றான். அவள் என் பக்கம் திரும்பினாள். நானும் அவன் சொன்னதையேதான் சொன்னேன். இரண்டு சம்பளத்தில் ஓடுகிற வீடு, வேறென்ன சொல்வேன்? அவள் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தாள். அவ்வளவு வேகமாக அவள் நடந்து நான் பார்த்ததில்லை.

விடிந்ததும் பெட்டியையும் மீட்டரையும் கழற்றிய பழைய பேட்டரியையும் என் சீருடைப் பை ஒன்றில் வைத்துக்கொண்டு, "அக்கா, கூட வாங்க. தனியா போனா தெருமுனையிலேயே திரும்பிடுவேன்" என்றாள். போனேன்.

முதலில் போனது சால்டர்க்காரி வீட்டுக்கு. மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. கதவைத் திறந்தவள் கண்ணாடி போட்டிருந்தாள். நான் அவளைக் கண்ணாடியோடு பார்த்ததே இல்லை. பார்வையில் கோளாறு இல்லை என்று டாக்டர் சொல்லியும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாளாம். உள்ளே ஒரு பலகைமேல் சால்டர் இரும்பும், பற்றவைத்துப் பற்றவைத்துக் கருகிய பழைய போர்டுகளும் கிடந்தன. இத்தனை நாளும் அவள் தன் கையைச் சோதித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

சின்னவள் வாசலிலேயே நின்று சொல்லிவிட்டாள். மீட்டர், பேட்டரி, மஞ்சள் டேப், எல்லாம். நடுவில் ஒரு இடத்திலும் பொருள்மேல் பழி போடவில்லை. சால்டர்க்காரி முழுசாகக் கேட்டாள்.

"நீ எனக்காகச் சண்டை போட்டுட்டு வந்தேன்னு கேட்டப்போ, தெருவெல்லாம் சொன்னேன்டி" என்றாள். "எனக்குன்னு ஒருத்தி இருக்கான்னு."

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். யாராவது அழுதுவிட்டால் தேவலை என்று இருந்தது. யாரும் அழவில்லை. சால்டர்க்காரி உள்ளே போய்க் கைப்பையை எடுத்துக்கொண்டு வந்து கதவைப் பூட்டினாள்.

"வா. எல்லார் முன்னாடியும் சொல்லு" என்றாள்.

மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். கம்பெனி நான் நினைத்ததைவிடச் சின்னது. நீளமான ஒரு கூடம், வரிசையாக பெஞ்சுகள், தலைக்கு மேல் குழல் விளக்குகள். விசாரணைக்கு என்று சூப்பர்வைசர் தன் அறையில் நாற்காலி போட்டு வைத்திருந்தார். சால்டர்க்காரி அறைக்குள் போக மறுத்துவிட்டாள். கூடத்தின் நடுவிலேயே நின்றாள். வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள்.

சின்னவள் பெட்டியைத் தன் பழைய பெஞ்சின்மேல் வைத்து பிளக்கை மாட்டினாள். அலமாரியிலிருந்து கம்பெனி மீட்டரை அவளே எடுத்துவந்து சூப்பர்வைசர் கையில் கொடுத்தாள். அவர் வைத்துப் பார்த்தார். பத்து காட்டியது. பிறகு தன் மீட்டரில் பழைய பேட்டரியை மறுபடி போட்டு, அதையும் அவர் கையிலேயே கொடுத்தாள். பதினொன்றை நெருங்கியது. அவர் முகம் மாறியது.

"கம்பெனி மீட்டரை நான் தொடவே இல்ல, சார். என்னுதுதான் பெரிசுன்னு இருந்தேன்" என்றாள் சின்னவள். குரல் கூடத்தின் கடைசி பெஞ்சு வரை கேட்டது. "பேட்டரி போனதைக் காட்டுற இடத்துல நானே டேப்பை ஒட்டி மறைச்சிருக்கேன். இவ பத்தவச்சதுல ஒரு குறையும் இல்ல. நாற்காலி நின்னதெல்லாம் என்னாலதான்."

அவள் பக்கத்தில் நின்றபோது என் மனசில் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன். முந்தின நாள் வாயை மூடிக்கொள் என்று சொன்ன நான், அவளை என் ஓரகத்தி என்று அங்கே இருந்த எல்லாரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

சூப்பர்வைசர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். சத்தம் போடவில்லை. மேலிடத்துக்கு எழுத வேண்டும், வெளியே போன சார்ஜர்களையெல்லாம் திரும்ப வாங்க வேண்டும் என்றார். நாளையிலிருந்து அவள் வர வேண்டியதில்லை என்பதை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். சின்னவள் தலையாட்டினாள்.

சால்டர்க்காரியிடம் யாரும் எதுவும் சொல்வதற்கு முன்பே அவள் தன் இடத்துக்குப் போய்விட்டாள். பக்கத்து ஸ்டூலில் பையை வைத்தாள். சால்டர் இரும்புக்கு மின்சாரம் கொடுத்தாள், முனையை ஈரப் பஞ்சில் துடைத்தாள், தட்டில் காத்திருந்த போர்டுகளில் முதலாவதை எடுத்துக் குனிந்தாள். சின்னவள் அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். ஏதாவது ஒரு வார்த்தை கிடைக்கும் என்று நின்றாள். எனக்கும் அந்த ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. சால்டர்க்காரி திரும்பவில்லை. கடைசியில் சின்னவள் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கக் கையை நீட்டினாள்.

"அதை எடுக்காதே" என்றாள் சால்டர்க்காரி, போர்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "இங்கேயே இருக்கட்டும். நாளைக்கு உன் இடத்துக்கு வர்றவ காலையில முதல்ல அதுல மீட்டரை வச்சுப் பார்க்கட்டும்."

சின்னவள் நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டாள். பெட்டியின் முகப்பில் குட்டி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதையும் சூப்பர்வைசரிடம் கொடுத்த மீட்டரையும் அப்படியே விட்டுவிட்டு, வெறும் பையோடு இருவரும் வெளியே வந்தோம்.